மெக்கானிக்கின் கையெழுத்து

ஒரே மனிதர், ஒரே மத்தியானத்தில், ஒரே காரியத்தை ஒரு தடவை புகழ்ந்தும் ஒரு தடவை இகழ்ந்தும் பேசினார். அவரைத் தனியாகக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அவரைப் போலத்தான் இருக்கிறோம். ஆனால் அவருடைய இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் தேசத்துத் தொழிலாளியை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது பட்டப் பகல் போல் தெரிகிறது. அதற்காகத்தான் இந்தச் சண்டை.

அவர் என் நண்பர். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரத்தில், சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர். பழைய கார் என்றால் உயிரை விடுவார். அன்று வெளிநாட்டில் விலைக்கு வந்திருந்த ஒரு ஜெர்மன் காரின் படத்தை எனக்குக் காட்டினார். கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகிற, இரண்டே பேர் உட்காருகிற கார். கதவு பக்கவாட்டில் திறப்பதில்லை. பழைய ரயில் ஜன்னலின் பலகை மாதிரி அப்படியே கீழே இறங்கி வண்டியின் விலாவுக்குள் மறைந்துகொள்கிறது. பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1989 முதல் 1991 வரை இந்த வண்டியை 'இஸட் ஒன்' என்ற பெயரில் செய்தது. மொத்தம் 8,000 வண்டிகள்.

"இது அந்த 8,000-இல் ஒன்று இல்லை ஸார், 66-இல் ஒன்று!" என்றார் நண்பர். குரல் தழுதழுத்தது.

விஷயம் இதுதான்: அந்த வண்டிகளில் 66-ஐ மட்டும் ஆல்பீனா என்ற சின்னக் கம்பெனி எடுத்து, எஞ்சினைப் பிரித்து மேய்ந்து, இரண்டரை லிட்டரை 2.7 லிட்டராக்கி, 170 குதிரை சக்தியை 200 ஆக்கி, சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் மாற்றி, தன் பெயரைப் பொறித்து விற்றது. 'ஆர்.எல்.இ.' என்று அதற்குப் பெயர். பிறர் கை படாத இஸட் ஒன்னை விட, கை பட்ட இந்த வண்டிக்குத்தான் மார்க்கெட்டில் மதிப்பு அதிகம். நம் நண்பரால் அதை வாங்கவும் முடியாது. வெளியூர்ப் பழைய கார் இங்கே வரவேண்டுமானால், செய்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கவேண்டும் என்பது பொதுவான இறக்குமதி விதி. இஸட் ஒன் எல்லாமே இடது கை வண்டி. ஆகவே படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

அது முடிந்து காபி வந்தது. அதற்குள் ஒரு தரகர் வந்து, செங்கற்பட்டில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு விலைக்கு இருப்பதாகச் சொன்னார். அதுவும் கூரை மடக்குகிற வண்டிதான். நம் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் பிறந்த ஜாதி. எஞ்சினில் யாரோ ஒரு கெட்டிக்கார மெக்கானிக் வேலை செய்து, வண்டி பறக்கிறது என்றார் தரகர்.

நண்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டார். "எவனோ கை வச்சுட்டானா? அப்புறம் அது என்ன காரு? காயலாங் கடைக்குப் போடச் சொல்லுப்பா!"

ஜெர்மனியில் ஒருவன் கை வைத்தால் அது கலை. செங்கற்பட்டில் ஒருவன் கை வைத்தால் அது காயலாங் கடை. இது ஏன்? நம்மவன் வேலை மோசம், அவன் வேலை உசத்தி என்று சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். நண்பர் அந்த ஹெரால்டைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேதான் தீர்ப்புச் சொன்னார். அவர் கேட்டது வேலையின் தரத்தை அல்ல. வேலை செய்தவன் யார் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் அவருக்கு. ஜெர்மன் காரில் அது இருந்தது, ஹெரால்டில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆல்பீனாவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். அந்தப் பெயர் முதலில் ஒரு டைப்ரைட்டரின் பெயர். பவேரியாவில் ஒரு டைப்ரைட்டர் தொழிற்சாலை முதலாளியின் மகன் புர்க்கார்டு போவென்ஸீப்பன். தகப்பனார் தொழிலை விட்டு அவருக்குக் கார் எஞ்சினில் ஆசை. 1960-களின் தொடக்கத்தில், பி.எம்.டபிள்யூ.வின் 1500 என்ற காருக்கு இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தி ஓட்டிக் காட்டினார். பெரிய கம்பெனி என்ன செய்திருக்க வேண்டும்? "எங்கள் வண்டியில் கை வைக்க நீ யார்?" என்று வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. வேலையைப் பரிசோதித்தார்கள்; நன்றாக இருந்தது; அவருடைய கருவி பூட்டிய காருக்கும் எங்கள் உத்தரவாதம் உண்டு என்று சொன்னார்கள். 1965-இல் அவர் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு கம்பெனி ஆரம்பித்தார். சின்னத்தில் ஒரு கார்புரேட்டரையும் ஒரு கிராங்க் ஷாஃப்டையும் பொறித்துக்கொண்டார். தான் எதில் கை வைக்கிறோம் என்பதை ஒளிக்கவில்லை. நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1983-இல் ஜெர்மன் சர்க்காரின் மோட்டார் இலாகா, ஆல்பீனாவை ஒரு கார் உற்பத்தியாளராகவே அங்கீகரித்தது. அன்று முதல் அவர்கள் வேலை 'மாற்றப்பட்ட கார்' என்ற கணக்கிலிருந்து நீங்கி, புதுக் கார் என்ற கணக்கில் ஏறிவிட்டது. 66 வண்டிகளும் அந்தக் கணக்கில் பிறந்தவைதான். போவென்ஸீப்பன் 2023-இல் காலமானார். அதற்கு முந்தின வருஷம், அந்தப் பெயரின் உரிமையைப் பி.எம்.டபிள்யூ. கம்பெனியே விலை கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. தன் வண்டியில் கை வைத்தவனுடைய பெயரைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டது! அதே பி.எம்.டபிள்யூ. 2007 முதல் நம் செங்கற்பட்டுக்குப் பக்கத்தில், சிங்கப்பெருமாள் கோயிலை ஒட்டிய மகேந்திரா சிட்டியில் கார் பூட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள்தான் பூட்டுகிறார்கள். கம்பெனி கேட்டுக்கு உள்ளே அவர்கள் கை வைத்தால் ஜெர்மன் கார். வேலை முடிந்து வெளியே வந்து சொந்தப் பட்டறையில் கை வைத்தால் குற்றம்.

குற்றம் என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இல் 52-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது, இப்படி மாற்றுகிற சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று எழுதிவைத்தார்கள். கியாஸ் கிட் வைக்கலாம். மாற்றுத்திறனாளி ஓட்டுவதற்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் அனுமதி வாங்க வழி இருக்கிறது. ஆனால் கெட்டிக்காரன் ஒருவன் எஞ்சினைப் பழுதறப் புரிந்துகொண்டு, முன்னிலும் நன்றாக ஆக்கி, "இதற்கு நான் பொறுப்பு" என்று தன் பெயரை எழுதிக்கொடுக்க விரும்பினால், அதற்கு நம் ஆர்.ஸி. புத்தகத்தில் ஒரு வரி கூட இடம் இல்லை.

2021-இல் பழங்காலக் கார்களுக்கென்று தனி விதி வந்தது. ரிஜிஸ்தர் ஆகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனி நம்பர் உண்டு, 'வி.ஏ.' என்ற எழுத்து உண்டு. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் அங்கேயும் நிபந்தனை என்னவென்றால், வண்டி அசல் உருவத்தில் இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாறுதல் நடந்திருக்கக் கூடாது. ஜெர்மனியிலும் பழங்காலக் காருக்கு 1997 முதல் தனி நம்பர் பலகை உண்டு. அங்கே 30 வருஷம் போதும். அதோடு, அந்தந்தக் காலத்து வழக்கப்படி அப்போதே செய்த மாறுதலாக இருந்தால், அதையும் சரித்திரத்தில் ஒரு பகுதியாக ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சரித்திரம் என்றால், ஒரு பொருளுக்கு நேர்ந்ததெல்லாம் சரித்திரம். நமக்குச் சரித்திரம் என்றால், பிறந்த நாளோடு முடிந்துவிடுகிறது.

அசல், அசல் என்று அடித்துக்கொள்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். நம் பட்டணத்தில் சிம்ப்ஸன் கம்பெனி 1840-இல் தொடங்கியது. முதலில் குதிரைக் கோச்சு கட்டினார்கள். மோட்டார் வந்ததும் மோட்டாருக்குப் பாடி கட்டினார்கள். அந்தக் காலத்து ஜமீன்தாரும் மகாராஜாவும் சீமையிலிருந்து சேஸிஸை வரவழைத்து, மேல்கட்டை இங்கே கட்டிக்கொண்டது உண்டு. அந்த வண்டியில் அசல் எது? சீமைக்காரன் செய்த பாதியா, நம் தச்சனும் கொல்லனும் செய்த பாதியா? ஊர்வலத்தில் அதைக் கண்டால் கை தட்டுகிறீர்களே, அப்போது மட்டும் 'எவனோ கை வச்சுட்டான்' என்று ஏன் தோன்றவில்லை?

நமக்கு இந்த வித்தை வராது என்பவர்கள் சோழவரத்தை நினைத்துப் பார்க்கட்டும். யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷம் நடந்த பந்தயங்களில், கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற ஃபியட்டும் ஹெரால்டும்தான் புது எஞ்சின் போலச் சீறிக்கொண்டு ஓடின. சீறவைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். கோயமுத்தூரில் எஸ். கரிவரதன் என்ற மனிதர், ஒரு மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றையாள் பந்தயக் காரே செய்தார். 1988-இல் அது 'ஃபார்முலா மாருதி' என்று பந்தயமாகவே ஆயிற்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் பயின்ற நாராயண் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அதே கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று, ஜெயம், டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து 2018-இல் டியாகோவையும் டிகோரையும் வேகமாக்கி, 'ஜே.டி.பி.' என்று பெயர் போட்டு வெளியிட்டது. ஆல்பீனா மாதிரி நமக்கும் ஒன்று முளைத்துவிட்டதென்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. 2020-க்குள் அது நின்றுபோயிற்று. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. டாட்டா கையெழுத்துப் போட்டால் சட்டம் குறுக்கே வருவதில்லை. கையெழுத்துப் போடப் பெரிய முதலாளி இல்லாத மெக்கானிக்கின் கதிதான் பரிதாபம்.

அந்தக் கதியை நான் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திருக்கழுக்குன்றம் சாலையில் கீற்றுக் கொட்டகையில் பட்டறை வைத்திருப்பவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லுகிறவர். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குத்தான் ஆபத்து.

"அண்ணே, இவ்வளவு வேலை செய்யறீங்களே, பில்லுல எழுதிக் குடுக்கிறது உண்டா?" என்று கேட்டேன்.

"என்னா ஸார் நீங்க! ஆயில் மாத்தினேன்னு எழுதுவேன், பிரேக் பார்த்தேன்னு எழுதுவேன். மத்ததெல்லாம் எழுதினா நானும் மாட்டுவேன், வண்டிக்காரரும் மாட்டுவாரு. இன்ஷூரன்ஸ்காரன் வேற கையை விரிச்சிடுவான்."

"செஞ்ச வேலைக்குப் பேரு வேணாமா?"

அவர் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பேரு வேணும்னு யாரு ஸார் கேக்கறாங்க? வேலை ஆவணும், வெளியில தெரியக் கூடாது. அதான் கேக்கறாங்க."

வேலை ஆகவேண்டும், வெளியில் தெரியக் கூடாது! சமையலுக்கு ஒரு ஜாதியையும் சாக்கடைக்கு ஒரு ஜாதியையும் வைத்துக்கொண்டு வேலை வாங்கிய சமூகம் அல்லவா? இந்தப் பேச்சு நமக்குப் புதியதில்லை. கதை எழுதுகிற நான் ஒரு பக்கம் கிறுக்கினாலும் அடியில் பெயர் போடுகிறார்கள். நன்றாக இல்லை என்றால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். திட்டு வாங்குகிற உரிமைகூட அந்த மனிதருக்கு இல்லை.

இங்கே ஒருவர் எழுந்து, "கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காது கிழிய ஓட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சைலன்சரை வெட்டியவனுக்கும் பெயரும் பட்டமும் கொடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. கடலுக்குப் போகிறவன் விடியற்காலையில் அந்தச் சாலையைக் கடக்கிறான். அவன் மனைவி மீன் கூடையோடு கடக்கிறாள். வேகத்தைக் கூட்டிவிட்டுப் பிரேக்கைக் கவனிக்காத வண்டி அவர்களுக்கு எமன். சட்டத்தின் நோக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் சட்டம் அந்த எமனை நிறுத்திவிட்டதா? அந்தச் சத்தம் நின்றதா? நிற்கவில்லை. காரணம் எளிது. நல்ல தொழிலாளியும் கெட்ட தொழிலாளியும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். இருட்டில் விலை குறைந்தவனுக்குத்தான் வேலை கிடைக்கும். பிரேக்கையும் சேர்த்து மாற்றினால்தான் எஞ்சினைத் தொடுவேன் என்கிற மனச்சாட்சிக்காரன் ஒரு லட்சம் கேட்பான். சைலன்சரை மட்டும் அறுத்துவிடுகிறவன் 5,000 ரூபாய்க்கு முடித்துவிடுவான். இரண்டுமே சட்ட விரோதம் என்றால், வண்டிக்காரன் எவனிடம் போவான்? பெயர் எழுத வேண்டும் என்று ஒரு கட்டாயம் இருந்தால், முதலாமவன் பெருமையோடு எழுதுவான். இரண்டாமவன் ஓடிப் போவான். விபத்து நடந்தால் பிடிப்பதற்கும் ஓர் ஆள் இருப்பான்.

பரிசோதிக்க இடம் இல்லையே என்று சர்க்கார் சொல்ல முடியாது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் ஒரகடம் இருக்கிறது. அங்கே மத்திய சர்க்காரின் பெரிய மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புதுக் கார்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் வண்டி நுழைகிற அந்தக் கேட்டில், பட்டறைக்காரனுக்கும் ஒரு சின்ன வழி வைத்தால் என்ன குடி முழுகிப் போகும்? வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும், பிரேக்கைப் பார்க்கட்டும், புகையைப் பார்க்கட்டும். தேறாவிட்டால் திருப்பி அனுப்பட்டும். தேறினால் ஆர்.ஸி. புத்தகத்தில் மாற்றத்தையும், மாற்றியவன் பெயரையும், தேதியையும் எழுதட்டும். ஜெர்மனியில் நடப்பதும் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். அவன் மூளை நம் மூளையை விடப் பெரிதில்லை. அவன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தி அதிகம்.

பெயர் எழுதுவது நம் மண்ணுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் தர்மராஜ ரதத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதில் வெட்டியிருக்கும் பல்லவ ராஜாவின் பட்டப் பெயர்களைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குக் கொஞ்சம் மேற்கே, பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. பஸ் நிற்கிற கூட்டு ரோட்டுக்கு அருகில்தான். ஆனால் அதைப் பார்க்க யாரும் இறங்குவதில்லை. அந்தப் பாறையில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், இன்னும் சிலர். ராஜாக்கள் அல்ல, கல் வேலைக்காரர்கள். ரதத்தில் ராஜா தன் பட்டத்தை எழுதிக்கொண்டான். பாறையில் தொழிலாளி தன் பெயரை எழுதிக்கொண்டான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அவனைத் தடுக்க எந்தப் பிரிவும் இல்லை.

அந்தப் பரம்பரைக்கு நாம் மரியாதை செய்யாமலும் இல்லை. மாமல்லபுரத்துக் கல் சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கொடுத்தோம். இந்த ஊரில் இந்தக் கையால் செய்தது என்பதற்குச் சட்டமே சாட்சி சொல்லுகிறது. உளி பிடித்த கைக்குக் கொடுத்த சாட்சியை ஸ்பானர் பிடித்த கைக்கு ஏன் கொடுக்கக் கூடாது? கல்லில் எண்ணெய்க் கறை இல்லை, காரில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சர்க்கார் மனம் மாறுகிற வரையில் நீங்களும் நானும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வண்டியைப் பட்டறையில் விடுகிறபோது செய்த வேலையெல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள். சட்டத்துக்கு உட்பட்ட வேலை எத்தனையோ இருக்கிறது. அதையாவது பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எழுதப் பயப்படுகிற வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள். பழைய வண்டி வாங்கப் போனால், "யாராவது கை வைத்திருக்கிறார்களா?" என்று மூக்கைச் சுளிக்காமல், "கை வைத்தது யார்? அவரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்கிறவர்கள் நூறு பேர் சேர்ந்தால், பதில் சொல்லுகிற தைரியம் பட்டறைக்குத் தானே வந்துவிடும். அதுவரையில், கடல் தாண்டி வரும் கையெழுத்துக்குக் கோடியைக் கொட்டத் தயாராக இருக்கும் நம் கார் ரசிகர்கள், உள்ளூர்க் கையை ஏளனம் செய்வதையாவது நிறுத்திக்கொள்ளட்டும்.